ஊனும் கொழுப்பும்: மாரடைப்பிற்குப் பின் உடலோம்பும் முறை

(நம் சங்கத்தின் விழுப்புரம், திண்டிவனம் ஆகிய இரு கிளைகளும் ஒருங்கு கூடிய கூட்டத்தில், தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

 இலக்கணமும் இலக்கியமும் கற்பித்துக் காலங்கழிக்கும் தமிழாசிரியனுக்கு மருத்துவத்தைப் பற்றிப் பேச என்ன உரிமையுண்டு என்று உங்களுள் சிலர் வினவலாம். அவ்வினா நியாயமானதே. யான் மருத்துவனல்லேன், மருந்து கூறவும் வந்தேனல்லேன். ஆயினும், நம் சங்கக் கூட்டங்களின் தொடக்கத்தில் இரங்கல் தீர்மானம் படித்து எழுந்து நிற்கின்றோமே, அவ்வாறு நாம் நினைவுகூர்ந்தவருள் மாரடைப்பால் மறைந்தோர் எத்துணைப் பேர் என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அவருள்ளும் அடைப்பு வந்த அன்றே உயிர் நீத்தோர் ஒரு சாரார்; அதனின்று பிழைத்து வீடு திரும்பி, ஓராண்டு ஈராண்டிற்குள் மெலிந்து நலிந்து மறைந்தோர் மற்றொரு சாரார். இப்பின்னவரைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன். ஏனெனில், முன்னவரைக் காப்பது மருத்துவமனையின் கையில் உள்ளது. பின்னவரைக் காப்பதில் நம் வீட்டாரின் பங்கு பெரிது.

என் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றை முதற்கண் கூற வேண்டும். என் பெரிய தகப்பனார்க்கு ஐம்பத்தெட்டாம் வயதில் மாரடைப்பு வந்தது. அவர் விழுப்புரத்தை அடுத்த சிற்றூரில் ஏர் பிடித்து உழுத கையினர். மருத்துவர்கள் உயிரைக் காத்து அனுப்பினார்கள்; நாளுக்கு நாள் சிறிது சிறிதாக நடக்கச் செய்யுங்கள் என்றும் சொல்லியனுப்பினார்கள். நாங்களோ அன்பு மிகுதியால் அவரைக் கட்டிலை விட்டு இறங்கவிடவில்லை. குளிப்பதற்கும் இருவர் தாங்கிச் சென்றோம். கஞ்சி, ரசஞ்சோறு, ரொட்டி, மாவுப் பானம் இவையே உணவு. பருப்பு வாயு, முட்டை சூடு, கடலை பித்தம் என்று ஒவ்வொன்றாக விலக்கினோம். ஆறு திங்களில் எழுபத்திரண்டு கிலோவாக இருந்தவர் அறுபத்தொரு கிலோ ஆனார். காண வந்த உறவினர் எல்லாம், “எடை குறைந்தது நல்லதே, பாரம் குறைந்தால் நெஞ்சிற்கு இலேசு” என்று மகிழ்ந்தனர். யாங்களும் மகிழ்ந்தோம். கையும் காலும் குச்சிபோல் ஆயின. வயிறு மட்டும் இருந்தபடியே இருந்தது. அதனை ஒருவரும் கருதவில்லை. ஏழாம் திங்களில் ஓர் இரவு தனியே எழுந்தவர், கால் தாங்காமல் வீழ்ந்தார், தொடையெலும்பு முறிந்தது, பிறகு அவர் எழவேயில்லை. குறைந்த பதினொரு கிலோவில் ஊன் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று நாங்கள் கேட்டிலோம். அந்தக் கேள்வியையே இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

நம் சித்த மருத்துவ நூலோர் உடலைத் தாங்கும் கட்டுகள் ஏழு என வகுத்தனர். சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் அல்லது சுரோணிதம் என்பன அவை. இவ்வரிசையில் ஊனும் கொழுப்பும் அடுத்தடுத்து நிற்பினும், அவற்றை ஒன்றாக்கிக் கூறாமல் இரண்டாகவே எண்ணியமை நோக்கத்தக்கது. ஊன் என்பது இயங்கும் தசை. கொழுப்பு என்பது சேமித்து வைத்த நெய். எடைக்கருவியோ இவ்விரண்டையும் எலும்பையும் நீரையும் ஒரே கூடையிலிட்டு நிறுத்து ஒரே எண்ணைக் காட்டுகிறது. அந்த எண்ணை நம்பி, உடல் தேறிற்று என்றும் தேறவில்லை என்றும் முடிவு கட்டுவது தவறு.

இக்காலத்து மருத்துவமனைகளில் ‘பி.எம்.ஐ.’ என்று ஒரு கணக்குப் போடுகிறார்கள். தமிழில் அதனை உடல் நிறைக் குறியெண் என்பர். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வருவது அது. 160 செ.மீ. உயரமும் 64 கிலோ எடையும் உள்ளவர்க்கு 25 வரும். இக்கணக்கை 1830-களில் வகுத்தவர் பெல்ஜியம் நாட்டுக் கெத்தலே என்பவர். அவர் மருத்துவர் அல்லர். வானநூலும் கணிதமும் வல்லவர். மக்கட்கூட்டத்தின் சராசரியை அறிவதற்கே அவர் இதனைக் கண்டார். ஒரு நோயாளியின் உடலை ஆராய்வதற்கு அன்று. 1972-இல் அமெரிக்க நாட்டு ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர் இதற்கு இன்றுள்ள பெயரை இட்டார். உலக அளவில் 25-க்கு மேல் மிகை எடை என்றும் 30-க்கு மேல் பருமன் என்றும் கொள்வர். இந்தியர்க்கு 23-க்கு மேலேயே மிகை என்றும், 25-க்கு மேலேயே பருமன் என்றும் நம் நாட்டு மருத்துவ அறிஞர்கள் கூடி 2009-இல் வரையறுத்தனர். நமக்கு மட்டும் ஏன் இவ்வாறு தாழ்த்தினர் என்று கேட்பீர்கள். விடை ஊனிலும் கொழுப்பிலும் உள்ளது.

2004-ஆம் ஆண்டில் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் ஒரு பக்கக் கட்டுரை ஒன்று வெளியாயிற்று. புனே நகரத்து மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் அவர்களும், இலண்டன் நகரத்து மருத்துவர் ஜான் யுட்கின் அவர்களும் தம் உடல்களையே சான்றாக நிறுத்தினார்கள். இருவர்க்கும் குறியெண் ஒன்றே, 22.3. பார்வைக்கு இருவரும் ஒல்லியர். ஆனால் கருவியிட்டு அளந்தபோது, ஆங்கிலேயர் உடலில் கொழுப்பு நூற்றுக்கு 9.1 பங்கும், இந்தியர் உடலில் 21.2 பங்கும் இருந்தன. எடை ஒன்று, உள்ளே இருப்பது வேறு. ஒல்லியான உடலுக்குள் மிகையான கொழுப்பும் குறைவான ஊனும் மறைந்திருத்தல் நம் நாட்டவரிடையே மிகுதி என்பதனை அவ்விரு புகைப்படங்கள் உலகிற்கு உணர்த்தின.

கொழுப்பு எங்கே சேர்கின்றது என்பதும் கருதத்தக்கது. தொடையிலும் பிட்டத்திலும் தோலுக்கடியில் சேர்வது அவ்வளவு தீங்கு செய்வதில்லை. வயிற்றின் உள்ளே, குடலைச் சுற்றியும் ஈரலிலும் சேர்வதே தீயது. அது வாளா கிடப்பதில்லை; கொழுப்பமிலங்களை நேரே ஈரலுக்கு அனுப்புகிறது; அழற்சியை வளர்க்கிறது; இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது; அதன் வழியாகச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றுகிறது. 52 நாடுகளில் நிகழ்ந்த ‘இன்டர்ஹார்ட்’ என்னும் பேராய்வு 2004-இல் வெளியாயிற்று. கேரளத்திற் பிறந்து கனடா நாட்டிற் பணிபுரியும் மருத்துவர் சலீம் யூசுப் அதன் தலைவர். மாரடைப்பு வரும் வாய்ப்பை அறிவதற்கு உடல் நிறைக் குறியெண்ணைக் காட்டிலும், வயிற்றுச் சுற்றளவை இடுப்புச் சுற்றளவோடு ஒப்பிட்ட வீதமே சிறந்த அளவுகோல் என்பது அவ்வாய்வின் முடிபுகளுள் ஒன்று. முதல் மாரடைப்பு தெற்காசியர்க்குச் சராசரி 53-ஆம் வயதிலும், பிற நாட்டார்க்கு ஏறக்குறைய 59-ஆம் வயதிலும் வருகிறது என்பது மற்றொன்று. ஆறு ஆண்டுகள் முந்தி வருகிறது என்றால், மகளுக்கு மணமுடிக்கும் முன், மகன் வேலையில் அமரும் முன் வருகிறது என்று பொருள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில் நாடெங்கும் நிகழ்ந்த கணக்கெடுப்பின் முடிபுகள் 2023-இல் வெளியாயின. நூற்றுவரில் ஏறக்குறைய 29 பேர் எடைக்கணக்கில் பருமனானவர். ஆனால் ஏறக்குறைய 40 பேர்க்கு வயிற்றுப் பருமன் உண்டு. இவ்விரண்டையும் கழித்துப் பார்த்தால், எடை மிகாமலே வயிறு மிகுந்தவர் நூற்றுக்குப் பத்துப் பேரேனும் இருப்பர் என்பது விளங்கும். “எனக்கு எடை சரியாகத்தான் இருக்கிறது” என்று கூறி அமைதியடைபவர் பலர் இக்கூட்டத்தைச் சேர்ந்தவரே.

இனி, மாரடைப்பு வந்து பிழைத்தவர் நிலைமைக்கு வருவோம். இங்கே அறிஞர்களையே மயங்க வைத்த செய்தி ஒன்று உண்டு. 2006-ஆம் ஆண்டில், 40 ஆய்வுகளில் இடம்பெற்ற இரண்டரை லட்சம் இருதய நோயாளரின் கணக்குகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். பருத்தவரே முதலில் இறப்பர் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் மிக மெலிந்தவரே மிகுதியாக இறந்திருந்தனர். சற்றே எடை மிகுந்தவர் அவரினும் நன்கு வாழ்ந்திருந்தனர். இதனைப் ‘பருமன் முரண்’ என்று மருத்துவ உலகம் பெயரிட்டு அழைக்கிறது.

இதைக் கேட்டவுடன், “அப்படியானால் வயிறு இருப்பதே நல்லது, இன்னும் இரண்டு அதிரசம் கொண்டு வா” என்று எவரேனும் கூறுவாராயின், அவர் அவசரப்படுகிறார். உடனிகழ்ச்சி வேறு, காரணம் வேறு. மெலிந்தவருள் முதியோர் பலர். புகை பிடிப்போர் பலர். வேறு நோயால் முன்னரே தேய்ந்தோர் பலர். அன்றியும், அவ்வாய்வுகள் எடையை மட்டுமே நோக்கின. பின்னர் வந்த ஆய்வுகள் வயிற்றையும் ஊனையும் தனித்தனியே அளந்தபோது முடிச்சு பெரும்பாலும் அவிழ்ந்தது. 2011-இல் ஏறக்குறைய 16,000 இருதய நோயாளரின் கணக்குகளை ஆராய்ந்தபோது, வயிற்றுப் பருமன் உடையவரே மிகுதியாக இறந்தனர் என்பதும், எடைக்கணக்கில் இயல்பாகத் தோன்றியவர்க்கும் இது பொருந்தும் என்பதும் தெரிந்தன. 2012-இல் அமெரிக்க நாட்டு நியூ ஆர்லியன்ஸ் நகரில் 570 இருதய நோயாளரை ஊன் அளவாலும் கொழுப்பு அளவாலும் நான்கு வகையாகப் பிரித்து, மூன்றாண்டு நோக்கினர். ஊனும் குறைந்து கொழுப்பும் குறைந்தவருள் நூற்றுக்குப் 15 பேர் இறந்தனர். இரண்டும் மிகுந்தவருள் நூற்றுக்கு ஏறத்தாழ இருவரே இறந்தனர். ஏனை இரு வகையினர் இடையில் நின்றனர். எல்லா வகையிலும் மெலிந்த உடலே மிகக் கேடுற்றது. மிகை எடையுடையார் சிலர் நன்கு வாழ்ந்தமைக்கு அவர்தம் கொழுப்பு மட்டும் காரணமன்று, அதனோடு அவர் உடலில் இருந்த ஊனும் காரணம் என்று இதனால் ஊகிக்கலாம்.

மற்றொன்றும் கேளுங்கள். இருதய நோயாளர் எடை குறைவது நன்றா தீதா என்னும் வினாவிற்கு, 2014-இல் பல ஆய்வுகளைத் தொகுத்து விடை கண்டார்கள். நடையாலும் உணவு முறையாலும் முயன்று எடையைக் குறைத்தவர்க்கு நன்மை விளைந்தது. முயலாமல் தானே எடை குறைந்தவர்க்குத் தீமை விளைந்தது. குறைந்த கிலோ ஒன்றாயினும், முயன்று குறைத்தவர்க்குப் பெரும்பாலும் கொழுப்பு கரைந்தது. படுத்துக் குறைந்தவர்க்கு ஊன் கரைந்தது. என் பெரிய தகப்பனார் எவ்வகையினர் என்பதனை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஊன் ஏன் அவ்வளவு வேண்டற்பாலது? காரணங்கள் மூன்றினைச் சுருங்கக் கூறுவேன். முதலாவது, உண்ட சர்க்கரையை வாங்கி வைக்கும் பெருங்களஞ்சியம் தசையே. அது சுருங்கினால் சர்க்கரை இரத்தத்திலேயே தங்கும். இரண்டாவது, நோய் வரும்போது உடல் தன் பழுதுகளைச் செப்பனிடுவதற்கு வேண்டும் புரதத்தைத் தசையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. சேமிப்பில்லாத குடும்பம் பஞ்சத்தில் என்னாகும் என்பதை நாம் அறிவோம். மூன்றாவது, பழகிய தசை இரத்தத்திலுள்ள உயிர்வளியைத் திறமையாக வாங்கிக்கொள்வதால், அதே வேலையை இருதயம் குறைந்த துடிப்பில் முடிக்கிறது. கால் வலுத்தால் நெஞ்சின் சுமை குறையும். 17 நாடுகளில் 1,39,691 மக்களை நோக்கி 2015-இல் வெளியான ஆய்வொன்றில், கைப்பிடியின் வலிமை 5 கிலோ குறையுந்தோறும் இறப்பு வாய்ப்பு 16 விழுக்காடு மிகுந்திருக்கக் கண்டனர். இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணைக் காட்டிலும், ஒருவர் கைப்பிடி அவர் வாழ்நாளைத் தெளிவாகக் காட்டிற்றாம்.

மாரடைப்பு வந்தவர் அசையலாகாது என்னும் எண்ணம் நம் வீடுகளில் ஆழ வேரூன்றியுள்ளது. இதற்காக நம் பாட்டிமாரைப் பழித்தல் தகாது. சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் மேல்நாட்டு மருத்துவர்களே ஆறு வாரம் வரை நோயாளியைப் படுக்கையில் கிடத்தினார்கள். ஆயினும் அனுபவம் வேறு கூறிற்று. 1772-இல் நெஞ்சு நோவை முதன்முதல் விரித்தெழுதிய இலண்டன் மருத்துவர் ஹெபர்டன், நாள்தோறும் அரைமணி நேரம் மரம் அறுத்து ஏறக்குறைய நலமடைந்த நோயாளி ஒருவரைக் குறித்துள்ளார். 1952-இல் பாஸ்டன் நகரத்து லெவைன், லௌன் என்னும் மருத்துவர் இருவர், மாரடைப்பு வந்தவரைச் சில நாட்களிலேயே நாற்காலியில் அமர்த்தி, அதனால் தீங்கு விளையவில்லை என்று காட்டினார்கள். 1966-இல் அமெரிக்க நாட்டு டல்லஸ் நகரில் நலமுள்ள இளைஞர் ஐவரை மூன்று வாரம் படுக்கையில் கிடத்திச் சோதித்தார்கள். அதே ஐவரை முப்பது ஆண்டு கழித்து மீண்டும் சோதித்தபோது, முப்பதாண்டு மூப்பு அவர்தம் உழைப்பு வன்மையைக் குறைத்ததினும், அன்றைய மூன்று வாரப் படுக்கை மிகுதியாகக் குறைத்திருந்தது கண்டு வியந்தனர். 2007-இல் வெளியான மற்றோர் ஆய்வில், நலமுள்ள முதியோர் பத்தே நாள் படுத்திருந்ததில் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ ஊன் கரைந்தது. நலமுள்ளார்க்கே இவ்வாறெனின், நோயுற்றார்க்குச் சொல்ல வேண்டுமோ?

ஆதலால் நாம் செய்யத்தக்கன யாவை என்று பார்ப்போம். இடர் நேரும் அன்றே செய்ய வேண்டுவதை முதலிற் கூறிவிடுகிறேன். நெஞ்சில் அழுத்தம், தாடையிலோ தோளிலோ நோவு, காரணமற்ற வியர்வை, மூச்சுத் திணறல் இவை தோன்றின், வாயு என்று சோடா குடித்துக் காத்திருத்தல் கூடாது. 108 ஊர்தியை அழைக்க வேண்டும். 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, ஊர்ப்புறத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அடோர்வாஸ்டாடின் 8 ஆகப் பதினான்கு மாத்திரைகளை உடனே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாடு உண்டு. நமக்கு முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. புதுச்சேரியில் ஜிப்மர் உள்ளது. தமிழ்நாட்டில் சிறிய மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைத்துச் சிகிச்சையை விரைவுபடுத்திய ஏற்பாடொன்றின் ஆய்வு 2017-இல் வெளியாயிற்று. பெரு மாரடைப்பு வந்தவருள் ஓராண்டிற்குள் இறந்தோர் நூற்றுக்கு 17.6 ஆக இருந்தது 14.2 ஆகக் குறைந்ததென அது கூறிற்று. மகிழத்தக்க செய்தியே. ஆயினும் நூற்றுக்குப் பதினான்கு பேர் ஓராண்டிற்குள் மறைந்தனர் என்பதையும் மறத்தலாகாது. அந்த ஓராண்டே நாம் கண்விழித்திருக்க வேண்டிய காலம்.

வீடு திரும்பியபின் முதலாவது, நடை. எத்தனை நாளில், எவ்வளவு தொலைவு என்பதை மருத்துவரே வரையறுக்க வேண்டும். அவர் இசைந்தபின், வீட்டுத் திண்ணையிலிருந்து தெருமுனை வரை ஐந்து நிமிடம் தொடங்கி, வாரத்திற்கு 150 நிமிடம் வரை படிப்படியாக உயர்த்தலாம். பேச முடியும் அளவில் நடக்க வேண்டும். பேச்சுத் திணறினால் விரைவு மிகுந்தது என்று அறிக. நெஞ்சு நோவு, மயக்கம், மிகு மூச்சிரைப்பு தோன்றின் உடனே நின்று உதவி தேடுக.

இரண்டாவது, வலிமைப் பயிற்சி. நடை ஒன்றே ஊனை வளர்க்கப் போதாது. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், சுவரில் கையூன்றித் தள்ளுதல், சிறு நீர்க்குடுவையைத் தூக்கி இறக்குதல் போன்றவை மருத்துவர் இசைவுடன் வாரத்தில் இரண்டு நாள் செய்யத்தக்கவை. மூச்சை அடக்கி முக்குதல் ஆகாது. யோகப் பயிற்சியை விரும்புவோர் அறியத்தக்கது ஒன்று: இந்தியாவில் 24 மருத்துவமனைகளில் மாரடைப்பிற்குப் பின் 3,959 பேரைக் கொண்டு நடத்திய யோக ஆய்வு 2020-இல் வெளியாயிற்று. பயின்றவர் பழைய அலுவல்களுக்கு நன்கு திரும்பினர். வாழ்க்கை நலமும் மிகுந்தது. ஆனால் இறப்போ மறு அடைப்போ உறுதியாகக் குறைந்ததெனக் கூற இயலவில்லை. ஆகவே யோகம் துணையே, மாத்திரைக்கு மாற்றன்று.

மூன்றாவது, உணவு. நம் தட்டில் சோறு மலையாகவும் பருப்பு ஓடையாகவும் இருக்கின்றன. நூறு கிராம் சோற்றில் மூன்று கிராம் புரதமும் இல்லை. முதியோர்க்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவிற்கும் ஒரு கிராமுக்குக் குறையாமல் நாளொன்றுக்குப் புரதம் வேண்டும் என்பர். அறுபது கிலோ உடையார்க்கு அறுபது கிராம். இதற்கு நாம் வெளிநாட்டு மாவு டப்பாக்களைத் தேடவேண்டா. நம் திண்டிவனத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அங்கே தோன்றிய டி.எம்.வி. நிலக்கடலை வகைகள் நம் ஊர்ப்பெயரையே தாங்கி நாடெங்கும் பரவின. அக்கடலையில் நூற்றுக்கு ஏறத்தாழ இருபத்தைந்து பங்கு புரதம். உப்பின்றி அவித்த ஒரு கைப்பிடிக் கடலை, ஒரு கிண்ணம் பருப்பு, ஒரு கிண்ணம் சுண்டல், மோர்; உண்பார்க்கு முட்டை, குழம்பிலிட்ட மீன். இவற்றை மூன்று வேளைக்கும் பகிர்ந்து, அவற்றிற்கு ஈடாகச் சோற்றைக் குறைத்தால் ஊன் நிற்கும், வயிறு தளரும். கடலையில் எண்ணெயும் மிகுதியாதலின் கைப்பிடி என்பது கைப்பிடியாகவே இருத்தல் வேண்டும். சிறுநீரக நோயுடையார் மட்டும் மருத்துவரைக் கேட்டே புரதத்தை மிகுக்கலாம். முன் உண்டது செரித்தபின் அளவறிந்து உண்க என்னும் கருத்தை வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் வைத்ததன் பொருத்தத்தை நான் வகுப்பறையிற் பலமுறை விளக்கியதுண்டு. வீட்டிற் கைக்கொண்டது பிற்காலத்தேதான்.

நான்காவது, அளவை. எடைக்கருவியோடு அங்குல நாடாவும் ஒவ்வொரு வீட்டிலும் வேண்டும். இந்திய ஆடவர்க்கு வயிற்றுச் சுற்றளவு 90 செ.மீ., அதாவது முப்பத்தைந்தரை அங்குலம். மகளிர்க்கு 80 செ.மீ., அதாவது முப்பத்தொன்றரை அங்குலம். இவற்றிற்கு மேற்படாமை நன்று. வயிற்றிற்குக் கீழே வேட்டி கட்டும் இடத்தில் அளந்து, “முப்பத்து நான்குதான்” என்று பெருமை கொள்வார் உளர். கடைசி விலா எலும்பிற்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பிற்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். எடை குறைந்து வயிறும் குறைந்து, நாற்காலியிலிருந்து எழுவதும் எளிதானால் நன்று. எடை குறைந்து, வயிறு குறையாமல், எழுவதும் கடினமானால் ஊன் கரைகிறது என்று அறிந்து மருத்துவரிடம் செல்க. இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோவிற்கு மேல் எடை ஏறிக் காலும் வீங்கினால், அது கொழுப்புமன்று ஊனுமன்று. இருதயம் தளர்ந்து உடலில் தேங்கிய நீராக இருக்கக்கூடும். அன்றே மருத்துவமனை செல்லுதல் வேண்டும்.

இங்கே தாய்மார்களைப் பற்றித் தனியே ஒரு சொல். மகளிர்க்கு இயல்பிலேயே ஊன் குறைவு. மாதவிடாய் நின்றபின் கொழுப்பு வயிற்றை நாடிச் சேர்கிறது. நம் வீடுகளில் அவர்களே கடைசியில் உண்பவர். பருப்பும் முட்டையும் ஆடவரோடும் பிள்ளைகளோடும் தீர்ந்துவிட, சோறும் ரசமுமே அவர்க்கு எஞ்சுகின்றன. ஆடவர்க்கு மாரடைப்பு வந்தால் ஆறு திங்கள் கட்டிலில் கிடத்துகின்றோம். பெண்டிர்க்கு வந்தால் ஆறாம் நாளே அடுப்படிக்கு அனுப்புகின்றோம். இரண்டும் தவறு. அடுப்படியில் நிற்பது ஓய்வுமன்று, பயிற்சியுமன்று. நடைக்கு ஒரு நேரமும், தட்டில் ஒரு பங்கு பருப்பும் அவர்க்கு உரியனவாக ஒதுக்கப்படல் வேண்டும்.

முடிவாக, இக்கூட்டத்தின் முன் மூன்று வேண்டுகோள்கள் வைக்கின்றேன். ஒன்று, இரு கிளை அலுவலகங்களிலும் ஓர் அங்குல நாடாவும், கையில்லாத நாற்காலி ஒன்றும், கைப்பிடி வலிமை அளக்கும் கருவி ஒன்றும் வாங்கி வைத்து, விரும்பும் உறுப்பினர்க்கு மாதந்தோறும் அளந்து, அளவை அவரவர் கையிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு, மாரடைப்பிற்குப் பின் வீடு திரும்பும் எந்த உறுப்பினர்க்கும், அவர் ஆணாயினும் பெண்ணாயினும், மருத்துவர் இசைந்த நாள்முதல் மூன்று திங்கள் வரை உடன் நடந்து செல்ல, தெருவிற்கு இருவராக நம் இளைஞரும் நங்கையரும் முன்வர வேண்டும். வீழ்ந்துவிடுவோமோ என்னும் அச்சத்தாலேயே பலர் நடப்பதில்லை. துணை ஒன்றிருந்தால் நடப்பர். மூன்று, நோயாளியைக் காணச் செல்வோர் ரொட்டியும் இனிப்பும் மாவுப் பானமும் கொண்டு செல்லும் வழக்கத்தை விடுத்து, பயறும் கடலையும் முட்டையும் கொண்டு செல்க; “அசையாதீர்கள்” என்று சொல்வதை விடுத்து, “இன்று எவ்வளவு நடந்தீர்கள்?” என்று கேட்டு வருக.

என் பெரிய தகப்பனார் வீழ்ந்த இரவில், அவர் கட்டிலினருகே ரொட்டிப் பொட்டலங்கள் ஒன்பது பிரிக்கப்படாமல் இருந்தன. அன்பிற்குக் குறைவில்லை, அறிவு துணை நில்லாமையே குறை. நம் இல்லங்களில் இனி அக்குறை நேராதிருக்க, தலைவர் அவர்கள் இவ்வேண்டுகோள்களைத் தீர்மானமாக ஏற்பார்கள் என நம்புகின்றேன்.  இறைவன் திருவருளால் நம் குடும்பங்கள் நோயின்றி நீடு வாழ்க!